மலைப்பாதையில் ஓடும் பழைய மோட்டார் சைக்கிளுக்குக் கோன் செட் மாற்றுதல்: முழுமையான வழிகாட்டி

ஹட்டனிலிருந்து வட்டவளை வழியாகக் கினிகத்தேனைக்கு இறங்கும்போது, வளைவுக்கு முன் பிரேக்கைப் பிடித்தவுடன் ஹேண்டிலுக்கு அடியில் ‘டொக்’ என்று ஓர் ஓசை கேட்டால், அல்லது மெதுவாகப் போகும் வேளையில் வண்டி தன் போக்கில் இடமும் வலமும் அலைந்தால், பெரும்பாலும் குற்றம் கோன் செட்டில்தான், அதாவது ஹேண்டில் திரும்புவதற்காக வண்டியின் கழுத்தில் இருக்கும் குண்டு பேரிங்கில்தான் இருக்கும். நம் ஊர்க் கராஜ்களில் இதற்குக் கிடைக்கும் வழக்கமான பதில், “கோனைக் கொஞ்சம் இறுக்கிவிட்டால் சரி” என்பதாகும். சில வேளைகளில் அது சரியான பதில். ஆனால் பள்ளம் விழுந்துவிட்ட கோனை இறுக்குவது, ஓசையை மட்டும் நிறுத்திவிட்டு ஆபத்தைக் கூட்டுகின்ற காரியம் என்பதை நான் அனுபவத்தில் அறிந்தவன்.

பல ஆண்டுகளுக்கு முன், என் பழைய வண்டியில், கோன் செட்டை இறுக்கிப் பிடிக்கும் கோன் நட்டை ஒரு கராஜில் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்து இறுக்கிக் கொடுத்தார்கள். ஓசை நின்றுவிட்டது, நானும் மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன். ஒரு மாதத்துக்குள், மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், வளைவில் ஹேண்டில் நடுவில் பிடித்துக்கொண்டது போல நின்றுவிட, வண்டி வீதியோரக் காணின் விளிம்புவரை போய்த்தான் நின்றது. அன்று கழற்றிப் பார்த்தபோது, கீழ்க் கோனில் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு குழி வீதம் வரிசையாகப் பதிந்திருந்தது. இறுக்கியதால் குண்டுகள் அந்தக் குழிகளுக்குள் இன்னும் ஆழமாக உட்கார்ந்திருந்தன.

இந்தக் குழிகள் ஏன் விழுகின்றன என்பதைப் புரிந்துகொண்டால், பின்னால் வரும் ஒவ்வொரு படியின் காரணமும் விளங்கும். சக்கரத்தில் இருக்கும் பேரிங் எப்போதும் முழுச் சுற்றாகச் சுழல்வதால், கிறீஸ் தானாகவே எல்லா இடத்துக்கும் பரவும். தேய்மானமும் சமமாகப் பகிரப்படும். கழுத்துப் பேரிங்கோ அப்படியல்ல. வண்டி ஓடும் நேரத்தின் பெரும்பகுதியில் ஹேண்டில் நேராகவோ, நேருக்கு மிக அருகிலோதான் இருக்கும். ஆகவே குண்டுகள் ஒரே இடத்தில் நின்றபடி, வீதியின் ஒவ்வொரு அடியையும் அந்த ஒரே புள்ளியில் வாங்குகின்றன. குண்டுக்கும் அது ஓடும் தடத்துக்கும் இடையிலிருந்த கிறீஸ் பிதுங்கி வெளியேறிய பின், அதைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் சுழற்சி அங்கு இல்லாததால், இரும்பும் இரும்பும் நேரடியாக உராய்ந்து துரு நிறத்தில் ஒரு நுண்பொடியை உண்டாக்குகின்றன. அதன் பிறகு தேய்மானம் விரைவாகப் பெருகும்.

மலையகத்தில் இது மற்ற இடங்களைவிட விரைவாக நடப்பதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம். தோட்டத்து வீதிகளில் கல் எழும்பியிருக்கும். இறக்கங்களில் முன் பிரேக்கைத் தொடர்ந்து பிடிக்கும்போது பாரம் முழுவதும் முன்பக்கம் சாய்ந்து கழுத்தின் மீது விழும். மூன்றாவது மழை: ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெறும் வட்டவளைப் பக்கத்தில், மே முதல் செப்டெம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில், முன் டயர் அள்ளி வீசும் சேற்று நீர் நேராகக் கீழ்க் கோனை நோக்கித்தான் போகின்றது. இதோடு சேர்விஸ் நிலையத்தில் அழுத்தமான நீர்க்குழாயைக் கழுத்துக்கு நேராகப் பிடித்துக் கழுவும் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நீர் உள்ளே போனால் எளிதில் வெளியே வராது.

முதலில் நோயை உறுதிப்படுத்துதல்

வண்டியைச் சென்டர் ஸ்டேண்டில் நிறுத்தி, என்ஜினுக்கு அடியில் ஒரு மரக்குற்றியையோ ஜாக்கையோ வைத்து, முன் சக்கரம் தரையைத் தொடாமல் நிற்கச் செய்யுங்கள். பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைக்க வேண்டும். நம் முற்றங்கள் பெரும்பாலும் சரிவாகவே இருப்பதால் இதை மறக்கக் கூடாது. இப்போது ஹேண்டிலை விரல் நுனியால் மட்டும் பிடித்து, மிக மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்புங்கள். நடுவில், அதாவது சக்கரம் நேராக நிற்கும் இடத்தில், ஏதோ ஒரு குழியில் விழுந்து எழுவது போன்ற உணர்வு வந்தால், தடத்தில் பள்ளம் விழுந்துவிட்டது என்று பொருள். அதற்குச் செட்டை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. முழுத் தூரமும் மணல் அரைபடுவது போல இருந்தால், கிறீஸ் போய்த் துரு ஏறியிருக்கின்றது. கழற்றிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்து, முன் ஷொக்கின் இரண்டு அடிமுனைகளையும் இரு கைகளால் பிடித்து முன்னும் பின்னுமாக ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் உடனே கோன் என்று முடிவுகட்டிவிட வேண்டாம், ஏனெனில் தேய்ந்த ஷொக் புஷ்ஷும், தளர்ந்த முன் சக்கர பேரிங்கும் ஏறக்குறைய இதே ஆட்டத்தைத் தரும். வேறுபாட்டை அறிய எளிய வழி ஒன்று உண்டு. இன்னொருவரை ஆட்டச் சொல்லிவிட்டு, கழுத்துக் குழாயின் கீழ் விளிம்பும் அதன் அடியில் ஷொக் கால்கள் இரண்டையும் இணைக்கும் குறுக்குத் துண்டான கீழ்ப் பிரிட்ஜும் சந்திக்கும் இடைவெளியின் மீது உங்கள் விரலைக் குறுக்காக வையுங்கள். அந்த இடைவெளி திறந்து மூடுவதை விரல் உணர்ந்தால் ஆட்டம் கோனில் இருக்கின்றது. விரலின் கீழ் எதுவும் அசையாமல் ஷொக்கின் மேல்குழாயும் கீழ்க்குழாயும் தனித்தனியாக ஆடினால் புஷ் தேய்ந்துள்ளது. சக்கரத்தை மட்டும் பக்கவாட்டில் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் வந்தால், சக்கர பேரிங்கைப் பாருங்கள். பிழையான இடத்தில் பணத்தைச் செலவழித்துவிட்டு, பழைய ஓசையோடு மீண்டும் வீதிக்கு வருபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆட்டம் மட்டும் இருந்து, நடுவில் பள்ளம் சிறிதும் தெரியாவிட்டால், கழற்றிச் சுத்தம் செய்து, புதுக் கிறீஸ் இட்டுச் சரியாக இறுக்கினால் போதுமானதாக இருக்கலாம். அதற்கும் கீழே சொல்லப்படும் அதே வேலையின் பெரும்பகுதியைச் செய்தே ஆக வேண்டும்.

உதிரிப்பாகமும் கருவிகளும்

பழைய சிறு வண்டிகளில் ஒரு கோன் செட் என்பது, சட்டத்தின் கழுத்துக் குழாய்க்குள் மேலும் கீழுமாக அடித்து இறக்கப்படும் இரண்டு கப்கள், கீழ்ப் பிரிட்ஜிலிருந்து எழுந்து கழுத்துக் குழாய்க்குள் நிற்கும் தண்டான ஸ்டெம்மின் அடியில் அடித்து இறக்கப்படும் கீழ்க் கோன், மேலே கையால் வைக்கப்படும் மேல் கோன், இவற்றுக்கிடையே ஓடும் குண்டுகள் ஆகியவற்றைக் கொண்டது. குண்டுகளை மட்டும் புதிதாகப் போட்டு, பள்ளம் விழுந்த தடங்களை அப்படியே விடுவது வீண்செலவு. புதுக் குண்டுகள் பழைய குழிகளிலேயே போய் உட்காரும். ஆகவே முழுச் செட்டாகவே வாங்குங்கள். ஊரில் கிடைக்காத பழைய வண்டிகளின் செட்டைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடலாம். எங்கே வாங்கினாலும், பழையதைக் கழற்றிய பிறகு வேர்னியர் அளவுகோலால் கப்பின் வெளிவிட்டத்தையும், கீழ்க் கோனின் உள்விட்டத்தையும், உயரத்தையும் அளந்து பார்த்து வாங்குவதே அறிவுடைமை. மலிவான சில செட்களில் தடம் சரியாக மெருகேற்றப்பட்டிருக்காது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கோடுகளோ புள்ளிகளோ தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சிலர் குண்டு பேரிங்குக்குப் பதிலாகக் கூம்பு உருளைப் பேரிங்கைப் போட விரும்புவர். பாரத்தை ஒரு புள்ளியில் தாங்காமல் ஒரு கோட்டில் தாங்குவதால், அது உண்மையிலேயே நீண்ட காலம் உழைக்கும். ஆனால் அதன் உயரம் பழையதைவிட வேறுபட்டால், மேல் நட்டுக்குக் கிடைக்கும் மரைப் பிடிப்புக் குறைந்துவிடும்; கீழே தூசுக் காப்புக்கு இடமில்லாமலும் போகலாம். உங்கள் வண்டிக்கென்றே அளவு பார்த்துச் செய்யப்பட்ட செட் கிடைத்தாலன்றி அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கருவிகளில் வழக்கமான ஸ்பேனர்களோடு, வரிப்பள்ளமுள்ள கோன் நட்டைத் திருப்புவதற்குக் கொக்கி ஸ்பேனர் ஒன்று கட்டாயம் வேண்டும். உளியால் அடித்துத் திருப்பினால் நட்டின் பள்ளங்கள் சிதைவது மட்டுமன்றி, எவ்வளவு இறுக்கினோம் என்பதைக் கை உணரவும் முடியாது. கப்களைத் தட்டி வெளியேற்ற அரை மீற்றர் நீளமான, முனை சதுரமாக வெட்டப்பட்ட இரும்புக் கம்பி, புதிய கப்களை இழுத்து இறக்க 12 மில்லிமீற்றர் மரைக்கம்பி, அதற்கேற்ற நட்டுகள், தடித்த வோஷர்கள், கீழ்க் கோனை இறக்க ஸ்டெம்மின் மீது நழுவிச் செல்லும் உள்விட்டமுள்ள ஒரு குழாய்த் துண்டு ஆகியவற்றையும் முன்கூட்டியே தேடி வையுங்கள். மண்ணெண்ணெய், பழந்துணி, ஒரு தாம்பாளம், காந்தத் துண்டு ஆகியவையும் தேவை. கிறீஸைப் பொறுத்தவரை, நீரைத் தாங்கும் தரமான பேரிங் கிறீஸையே வாங்க வேண்டும். நம் மழைக்கு இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

கழற்றும் வேலை

வேலையைத் தொடங்கும் முன், கேபிள்களும் வயர்களும் கழுத்தைச் சுற்றி எந்த வழியாகப் போகின்றன என்பதைத் தொலைபேசியால் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு, வண்டி தன் இரண்டு சக்கரங்களில் நிற்கும்போதே, ஸ்டெம்மின் மேல் நட்டையும் ஷொக் குழாய்களின் மேல் மூடிகளையும் கால் சுற்று அளவுக்குத் தளர்த்திவிடுங்கள். முன் சக்கரத்தைக் கழற்றிய பின் இவற்றைத் தளர்த்த முயன்றால், ஹேண்டில் சுழலும், வண்டி ஸ்டேண்டிலிருந்து ஆடும். இந்த ஒரு முன்னேற்பாடு அரை மணி நேரப் போராட்டத்தை மிச்சப்படுத்தும்.

பற்றரியின் வயரைக் கழற்றுங்கள். பெற்றோல் டேங்கை முழுவதுமாக அகற்றி, வீட்டுக்குள்ளோ அடுப்புக்கு அருகிலோ அல்லாமல் வெளியே நிழலில் வையுங்கள். கையிலிருந்து நழுவும் ஒரு ஸ்பேனர் டேங்கில் குழி போட ஒரு நொடி போதும். என்ஜினுக்கு அடியில் உறுதியாக முட்டுக்கொடுத்து, முன் சக்கரம், மட்கார்ட், ஸ்பீடோ மீற்றர் கேபிள், ஹெட் லைட் என்ற ஒழுங்கில் கழற்றுங்கள். ஹேண்டிலைக் கேபிள்களோடு சேர்த்தே கழற்றிப் பின்னால் மடித்து, துணி விரித்துச் சட்டத்தின் மீது கிடத்தலாம். எல்லாக் கேபிள்களையும் பிரிக்க வேண்டியதில்லை. டிஸ்க் பிரேக் உள்ள வண்டியானால், கலிப்பரை அதன் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் சட்டத்தில் கட்டிவிடுங்கள். ஹேண்டிலோடு இருக்கும் பிரேக் எண்ணெய்க் கிண்ணம் சாய்ந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அந்த எண்ணெய் பட்ட இடத்தில் வர்ணம் உரிந்துவிடும்.

ஷொக் கால்களைப் பிடித்திருக்கும் போல்ட்களைத் தளர்த்தி, ஒவ்வொன்றாகத் திருகியபடி கீழே இழுத்தால் அவை வந்துவிடும். துரு பிடித்து வராவிட்டால், பிளவுக்குள் ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு பொறுத்திருங்கள். பிளவில் உளியை அடித்து விரிக்க முற்பட்டால் வார்ப்பு வெடித்துவிடக் கூடும்.

இப்போது மேல் நட்டை முழுவதுமாகக் கழற்றி மேல் பிரிட்ஜை உயர்த்தி எடுங்கள். அடியில் கோன் நட்டு தெரியும். அதைத் தொடுவதற்கு முன், கழுத்தின் அடியில் தாம்பாளத்தை வைத்து, அதில் துணி விரித்துவிடுங்கள். ஒரு கையால் ஸ்டெம்மை அடியிலிருந்து தாங்கிக்கொண்டே மற்றக் கையால் நட்டைக் கழற்ற வேண்டும். தாங்காமல் விட்டால் ஸ்டெம் சடாரென்று கீழே இறங்கிக் குண்டுகள் நாலாபுறமும் சிதறும். ஸ்டெம் இறங்கியதும் மேல் குண்டுகளையும் கீழ்க் குண்டுகளையும் தனித்தனிக் கிண்ணங்களில் சேர்த்து எண்ணி, எண்ணிக்கையைச் சுவரிலோ காகிதத்திலோ எழுதுங்கள். சில வண்டிகளில் மேலும் கீழும் குண்டுகளின் அளவே வேறுபடும்: கால் அங்குலக் குண்டு 6.35 மில்லிமீற்றர், பதினாறில் மூன்று பங்கு அங்குலக் குண்டு 4.76 மில்லிமீற்றர். கண்ணால் பார்த்து ஒன்றென்று எண்ணிவிடாமல் வேர்னியரால் அளந்துகொள்ளுங்கள். முன்னர் வேலை செய்தவர் ஒரு குண்டைக் குறைத்தோ கூட்டியோ போட்டிருக்கவும் கூடும். ஆகவே எண்ணிக்கையை வண்டியின் கைநூலோடோ புதுச் செட்டோடோ ஒப்பிட வேண்டும்.

பழைய கப்களை எடுத்தல்

கழுத்துக் குழாயின் மேல் வாயிலிருந்து நீளக் கம்பியை உள்ளே விட்டால், கீழ்க் கப்பின் உள்விளிம்பில் அதன் முனை மாட்டும். அங்கே ஒரு தட்டு, நேரெதிர்ப் பக்கத்தில் ஒரு தட்டு, பின்னர் குறுக்கே ஒரு தட்டு என மாற்றி மாற்றி அடித்தால், கப் சாயாமல் சமமாக இறங்கும். ஒரே பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தால் கப் சரிந்து, கழுத்துக் குழாயின் உட்சுவரைச் சுரண்டி நீள்வட்டமாக்கிவிடும். அதன் பின் எந்தப் புதுக் கப்பும் அங்கே இறுக்கமாக நிற்காது. மேல் கப்பைக் கீழிருந்து இதே முறையில் தட்டி எடுங்கள்.

கம்பிக்குப் பிடிப்புக் கிடைக்காதபடி விளிம்பு மறைந்திருந்தால், பல்லைக் கடித்துக்கொண்டு அடிக்க வேண்டாம். வெல்டிங் செய்பவர் ஒருவரிடம் சட்டத்தைக் கொண்டுபோய், கப்பின் உட்தடத்தைச் சுற்றி ஒரு வரி வெல்டிங் ஓட்டச் சொல்லுங்கள். வெல்டிங் ஆறும்போது சுருங்கிக் கப்பையும் உள்நோக்கி இழுப்பதால், அது ஏறக்குறையத் தானாகவே கையோடு வரும். டேங்க் வண்டியில் இல்லை என்பதையும், பற்றரியும் மின் பெட்டிகளும் பிரிக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் வெல்டிங்குக்கு முன் நீங்களே நின்று சரிபாருங்கள்.

ஸ்டெம்மின் அடியிலுள்ள கீழ்க் கோன்தான் இந்த வேலையிலேயே மிகவும் பிடிவாதமானது. அதன் அடிவிளிம்புக்கும் பிரிட்ஜுக்கும் இடையில் மெல்லிய உளியைச் சுற்றிவர வைத்து, சிறுசிறு அடியாகக் கிளப்ப வேண்டும். ஓர் இழை அளவு கிளம்பியதும் இன்னும் தடித்த உளியை மாற்றிக்கொள்ளுங்கள். எதற்கும் அசையாவிட்டால், கோனின் ஒரு பக்கத்தைக் கிரைண்டரால் முக்கால் ஆழம்வரை மட்டும் வெட்டி, அந்த வெட்டில் உளியை வைத்து ஒரே அடியில் வெடிக்க வைக்கலாம். வெட்டு ஸ்டெம்மைத் தொட்டுவிடக் கூடாது.

எல்லாம் கழன்ற பின் மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, கழுத்துக் குழாயின் வாய்களிலும் வெல்டிங் இணைப்புகளிலும் மயிரிழை வெடிப்பு ஏதும் உண்டா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்டெம்மை ஒரு கண்ணாடித் துண்டின் விளிம்பிலோ நேரான இரும்புப் பட்டையிலோ ஒட்டிப் பிடித்தால் வளைவு தெரிந்துவிடும். வளைந்த ஸ்டெம்மை நிமிர்த்திப் பயன்படுத்துவதை நான் ஏற்பதில்லை. அது ஒருவரின் உயிரைத் தாங்கும் இரும்பு.

புதிய கப்களும் கீழ்க் கோனும்

புதுக் கப்களை வேலைக்கு முதல் நாள் இரவே ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபனித் தட்டில் வைத்துவிடுங்கள். 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள இரும்புக் கப், 22 பாகையிலிருந்து கழித்தல் 18 பாகைக்குக் குளிர்ந்தால், அதன் விட்டம் சுமார் 0.024 மில்லிமீற்றர் சுருங்கும். கேட்பதற்குச் சிறிதாக இருந்தாலும், இறுக்கப் பொருத்தங்கள் இந்த அளவில்தான் தீர்மானிக்கப்படுகின்றன. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். வெளியே எடுத்தவுடன் தாமதிக்காமல், கழுத்துக் குழாயின் வாயில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இட்டு, கப்பை நேராக வைத்து, மரைக்கம்பியைக் குழாய் வழியாகச் செலுத்தி இருபுறமும் வோஷரும் நட்டும் போட்டு இறுக்கிக்கொண்டே போனால், கப் சாயாமல் உள்ளே இறங்கும். வோஷர் கப்பின் வெளிவிளிம்பில் மட்டுமே அழுத்த வேண்டும். குண்டு ஓடும் தடத்தில் எதுவும் படக் கூடாது. மேல் கப்பையும் கீழ்க் கப்பையும் ஒரே நேரத்தில் இழுக்காமல் ஒவ்வொன்றாகச் செய்தால், சரிவு ஏற்பட்டால் உடனே கண்ணுக்குத் தெரியும்.

மரைக்கம்பி கிடைக்காதவர்கள் பழைய கப்பைப் புதியதன் மீது கவிழ்த்து வைத்து அடிக்கலாம். அப்படிச் செய்வதானால், பழைய கப்பின் வெளிச்சுற்றைக் கிரைண்டரால் சற்றுத் தேய்த்துவிடுங்கள். இல்லையெனில் அதுவும் சேர்ந்து உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். கப் அடிவரை உட்கார்ந்ததும் சுத்தியலின் ஓசை மந்தமாக இருந்ததிலிருந்து மாறி, கணீரென்று ஒலிக்கும். அந்த ஓசை மாற்றத்தைக் காது பழகிக்கொள்ள வேண்டும். அதன் பிறகும், கப்பின் விளிம்புக்கும் குழாய்க்கும் இடையில் மிக மெல்லிய இடைவெளித் தகடு நுழைகின்றதா என்று சுற்றிவரப் பாருங்கள். எங்காவது நுழைந்தால் கப் முழுவதும் அமரவில்லை. இப்போது விட்டுவிட்டால், வீதியில் சில நாட்கள் ஓடிய பின் அது தானாக அமர்ந்து, நீங்கள் கவனமாக வைத்த இறுக்கம் முழுவதும் தளர்ந்துபோகும். புதுக் கோன் போட்டும் ஒரு மாதத்தில் ஆட்டம் வந்துவிட்டது என்று சொல்லப்படும் வண்டிகளில் பெரும்பாலும் நான் கண்ட காரணம் இதுவே.

கீழ்க் கோனை அடிப்பதற்கு முன், தூசுக் காப்பு வளையத்தை முதலில் ஸ்டெம்மில் போட வேண்டும். இதை மறந்து கோனை இறக்கிவிட்டால், புதுக் கோனையே மீண்டும் உளியால் கிளப்ப நேரிடும். கோனைக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்தால் விரிந்து எளிதில் இறங்கும். கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடுமாயினும், இந்த வேலைக்கு அந்தச் சூடு போதும். பேரிங் இரும்பின் கடினத்தைக் கெடுக்காது என்பதால், நேரடித் தீயைவிட இது பாதுகாப்பானதும்கூட. எடுத்த கையோடு துடைத்து, ஸ்டெம்மில் நுழைத்து, குழாய்த் துண்டை அதன் உள்விளிம்பில் மட்டும் படும்படி வைத்து, அடிவரை தட்டி இறக்குங்கள். ஆறியதும் துருப் பிடிக்காதபடி உடனே எண்ணெய் தடவ வேண்டும்.

குண்டுகளை அடுக்குதல்

மேல் கப்பின் தடத்திலும், கீழ்க் கோனின் தடத்திலும் கிறீஸைத் தாராளமாக நிரப்பி, புதுக் குண்டுகளை ஒவ்வொன்றாக அதில் பதியுங்கள். கிறீஸே அவற்றைப் பிடித்துக்கொள்ளும். பழைய குண்டையும் புதுக் குண்டையும் கலக்கக் கூடாது. நூறில் ஒரு பங்கு மில்லிமீற்றர் பெரிதாக உள்ள குண்டே பாரம் முழுவதையும் சுமக்க வேண்டிவரும். சரியான எண்ணிக்கை அடுக்கப்பட்டதும், வட்டத்தில் ஏறக்குறைய ஒரு குண்டின் அளவுக்குள் அடங்கும் ஓர் இடைவெளி மிஞ்சுவது இயல்பு. அதைக் கண்டு இன்னொரு குண்டைத் திணிக்க வேண்டாம். இடமில்லாமல் நெருக்கப்பட்ட குண்டுகள் ஒன்றின் மீது ஒன்று ஏறி, ஹேண்டிலைப் பூட்டிவிடும்.

கீழ்க் கப்பின் உட்புறத்துக்கும் கழுத்துக் குழாயின் உட்சுவருக்கும் கூட மெல்லிய கிறீஸ் பூச்சு இடுங்கள். பின்னர் ஸ்டெம்மை நேராக, எங்கும் தட்டாமல் மேலே உயர்த்தி, மேல் கோனை வைத்து, கோன் நட்டைக் கையாலேயே மரை பிடிக்கும்வரை திருப்புங்கள். உடனே ஒருமுறை குனிந்து, கீழே குண்டு ஏதும் விழுந்திருக்கின்றதா என்று தாம்பாளத்தைப் பாருங்கள். விழுந்திருந்தால் தயங்காமல் மீண்டும் இறக்கி அடுக்க வேண்டும்.

இறுக்கத்தைச் சரிசெய்தல்

வேலையின் உயிர்நாடி இந்தப் பகுதியில்தான் இருக்கின்றது. முதலில் கோன் நட்டைக் கொக்கி ஸ்பேனரால் ஓரளவு பலமாக இறுக்கி, ஸ்டெம்மை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஏழெட்டு முறை திருப்புங்கள். குண்டுகள் தங்கள் தடத்தில் ஒழுங்காக அமர்வதற்காகவே இந்த இறுக்கம், ஓடுவதற்காக அல்ல. பிறகு நட்டை முழுவதுமாகத் தளர்த்தி, மீண்டும் மெதுவாக இறுக்கிக்கொண்டு வந்து, மேலும் கீழுமான ஆட்டம் நின்றுபோகும் அந்தக் கணத்தில் நிறுத்துங்கள். இந்த நிலையில் ஸ்டெம் தடையின்றி, ஆனால் ஆட்டமுமின்றித் திரும்ப வேண்டும்.

மேல் பிரிட்ஜை வைத்து, ஷொக் கால்களைக் கீழிருந்து நுழைத்து, இரண்டும் மேல் பிரிட்ஜில் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று அளந்து, கீழ்ப் பிரிட்ஜின் போல்ட்களை மட்டும் இறுக்குங்கள். மேல் பிரிட்ஜின் பக்கவாட்டுப் போல்ட்கள் தளர்வாகவே இருக்க வேண்டும். அவை ஷொக் குழாய்களைப் பிடித்திருந்தால், மேல் நட்டை இறுக்கும்போது பிரிட்ஜ் கீழிறங்கி அமர முடியாது. இப்போது மேல் நட்டை வண்டியின் கைநூல் சொல்லும் அளவுக்கு இறுக்கி, அதன் பின்னரே மேல் பிரிட்ஜின் போல்ட்களை இறுக்குங்கள்.

பலரும் பிழைவிடும் இடம் இதற்கு அடுத்ததுதான். மேல் நட்டை இறுக்கியவுடன், பிரிட்ஜ் கோன் நட்டைக் கீழ்நோக்கி அழுத்துவதால், மரைகளுக்கு இடையிலிருந்த சிறு தளர்வு மறைந்து, கோன் மேலும் இறுகிவிடுகின்றது. சற்று முன்னர் சரியாக இருந்த இறுக்கம் இப்போது சரியாக இருக்காது. ஆகவே மேல் நட்டு முழு இறுக்கத்தில் இருக்கும்போதே மறுபடியும் சோதித்து, கூடுதலாக இருந்தால் மேல் நட்டைத் தளர்த்தி, கோன் நட்டை எட்டில் ஒரு பங்கு சுற்றளவு பின்வாங்கி, மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். எனக்கு இது பெரும்பாலும் மூன்றாவது முயற்சியில்தான் சரியாக வரும். அதற்காகச் செலவிடும் இருபது நிமிடத்தை ஒருபோதும் மிச்சம் பிடித்ததில்லை.

சக்கரத்தைப் பூட்டி, கேபிள்களைப் படத்தில் உள்ளபடி பழைய வழியிலேயே இட்ட பின், முன் சக்கரம் தரையைத் தொடாத நிலையில் இறுதிச் சோதனையைச் செய்யுங்கள். ஹேண்டிலை நேராக நிறுத்தி, ஒரு விரலால் மெல்லத் தள்ளினால், முன்பகுதி தன் சொந்தப் பாரத்தாலேயே கோடிவரை சரிந்து போய் நிற்க வேண்டும். இரு பக்கத்துக்கும் இது ஒரே மாதிரி நடக்க வேண்டும். பாதியில் நின்றால் ஒன்றில் கோன் அதிகமாக இறுகியிருக்கின்றது, அல்லது ஒரு கேபிள் இழுக்கின்றது. க்ளச் கேபிளைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டுச் சோதித்தால் எது காரணமென்று தெரிந்துவிடும். அதன் பின் ஷொக்கின் அடிமுனையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டி, ஆட்டம் சிறிதும் இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள். இரண்டு சோதனைகளிலும் தேறிய பின்னரே வண்டி வீதிக்கு வர வேண்டும்.

தளர்ந்த கோனைவிட இறுகிய கோன் பாதுகாப்பானது என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. அந்த எண்ணம் பிழையானது. ஓடும் மோட்டார் சைக்கிள் நிமிர்ந்து நிற்பதற்கு, நாம் உணராத அளவில் முன் சக்கரம் ஒவ்வொரு கணமும் இடமும் வலமும் சிறிது திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். இறுகிய கோன் அந்தச் சிறு திருப்பங்களைத் தடுப்பதால், வண்டி ஒரு பக்கம் சரிந்து, நாம் ஹேண்டிலைத் திருத்த, மறுபக்கம் சரிந்து என்று பாம்பு போல நெளியும். இறம்பொடை போன்ற வளைவுகள் நிறைந்த இறக்கத்தில், எதிரே பஸ் வரும்போது அந்த நெளிவுக்கு இடமில்லை.

முதல் ஓட்டமும் மறுசோதனையும்

முதல் ஓட்டத்தைத் தோட்டத்து விளையாட்டு மைதானத்திலோ, ஆள் நடமாட்டம் குறைந்த சமமான வீதியிலோ நடந்து போகும் வேகத்தில் தொடங்குங்கள். முன் பிரேக் பிடிக்கின்றதா, ஹேண்டிலைக் கோடிவரை திருப்பினால் என்ஜின் ஓசை ஏறுகின்றதா என்பதை முதலில் பாருங்கள்; ஏறினால் அக்ஸிலரேற்றர் கேபிள் இழுபடுகின்றது. பிறகு சற்று வேகமெடுத்து, முன் பிரேக்கை அளவாகப் பிடித்து ஓசை வருகின்றதா என்று கேளுங்கள்.

புதுக் கப்கள் பாரத்தின் கீழ் இன்னும் சிறிது அமரும் என்பதால், 200 கிலோமீற்றர் ஓடியதும் இறுக்கத்தை மறுபடி சோதிக்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் மாதத்தில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, பருவமழை தொடங்குமுன் முன் சக்கரத்தை உயர்த்தி மேற்சொன்ன விரல் சோதனையைச் செய்யுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஸ்டெம்மை இறக்கிப் பழைய கிறீஸைக் கழுவிப் புதியதை இட வேண்டும். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்ட வீதிகளில் அன்றாடம் மரக்கறி மூட்டையோடு ஓடும் வண்டியானால், நான் அதை ஆண்டுக்கு ஒருமுறை செய்யவே சொல்வேன். கழுவும்போது நீர்க்குழாயைக் கழுத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டாம் என்று சேர்விஸ் நிலையத்துத் தம்பியிடம் வண்டியை ஒப்படைக்கும்போதே சொல்லிவிடுங்கள்.